இதுக்குப் பேர் 'மாடரேட்'டாம்!

இங்கிலீஷ்காரர்களிடம் ஒரு குணம் உண்டு. எதையும் ரெண்டு படி குறைத்துத்தான் சொல்வார்கள். ஊரே வெள்ளத்தில் மிதக்கும்; 'கொஞ்சம் ஈரமா இருக்கு இல்லே?' என்பார்கள். காலில் மாவுக்கட்டோடு படுத்திருப்பார், 'மோசமில்லை' என்பார். ஆகவே, அந்த ஊர் நடைப்பாதைக் குறிப்பில் 'மாடரேட்', அதாவது 'மிதமானது' என்று போட்டிருந்தால், ஆபீஸ் நாற்காலியில் பத்து வருஷம் தேய்த்த அன்பர்களே... உஷார்!

லண்டன் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பிக் பென், ராணியம்மா அரண்மனை, லார்ட்ஸ் மைதானம். ஆனால் அந்த ஊரில் வேலை பார்க்கிற சாமானியர்களிடம் சனிக்கிழமை என்ன புரோகிராம் என்று கேட்டுப் பாருங்கள். கணிசமான பேர் 'நடக்கப் போறேன்' என்பார்கள். எங்கே? காட்டுக்கு. எதற்கு? சும்மா! கோயில் இல்லை, வேண்டுதல் இல்லை, மலை உச்சியில் லட்டு தருவதும் இல்லை. ரயிலேறிப் போய், காட்டில் மூணு மணி நேரம் நடந்து, ஷூ முழுக்கச் சேறோடு திரும்பி வருவார்கள். முகத்தில் மட்டும் லாட்டரி விழுந்த களை!

இந்த நடைகளில் ரொம்பப் பேருக்குப் பிடித்தது வட்ட நடை. ஒரு இடத்தில் கிளம்பி, போன வழியே திரும்பாமல், ஒரு சுற்றுச் சுற்றி கிளம்பிய இடத்துக்கே வந்து சேருவது. பி.காம். படித்த எனக்கு இது உடனே புரிந்துவிட்டது. எத்தனை அடி ஏறினோமோ அத்தனை அடி இறங்கியாக வேண்டும். பற்றும் வரவும் சமம். டிரையல் பாலன்ஸ் டாலி!

*

தெற்கு லண்டனில் என் தங்கை வீடு. ஒரு அக்டோபர் மாதம் அங்கே போயிருந்தேன். மாப்பிள்ளை ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பிரிவில் இருந்தார். வாரத்தில் அஞ்சு நாள் வீட்டில் அவர் பேசுகிற மொத்த வார்த்தைகளை ஒரு தபால் தலையின் பின்னால் எழுதிவிடலாம். ஆனால் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, கையில் மேப்பும் காலில் பூட்ஸுமாக வந்து நின்றார்.

"மச்சான், பாக்ஸ் ஹில் போலாமா? சின்ன நடைதான். மாடரேட்."

சொன்னேன் இல்லையா, பத்து வருஷம் அந்த ஊரில் இருந்தால் நம்மாளுக்கும் அந்த வியாதி தொற்றிக்கொள்கிறது.

தங்கை எலுமிச்சம்பழ சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் கட்டிக் கொடுத்தாள். விம்பிள்டனில் ரயிலேறினோம். டென்னிஸுக்குப் பெயர்போன அதே விம்பிள்டன்தான். முக்கால் மணி நேரம் போவதற்குள் அடுக்குமாடிகள் காணாமல் போய், பச்சை வந்துவிட்டது.

சர்ரே மாவட்டத்தில், லண்டனுக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கிறது பாக்ஸ் ஹில். உயரம் 224 மீட்டர். நம் ஊர்க் கணக்கில் அதை மலை என்றால் ஏற்காடு சிரிக்கும். ஆனால் அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது, தொந்திக்கும் மலைக்கும் உள்ள உறவில் மீட்டர் கணக்கு எடுபடுவதில்லை.

இறங்குகிற ஸ்டேஷனே ஒரு தமாஷ். பாக்ஸ் ஹில் அண்ட் வெஸ்ட்ஹம்பிள் என்று பெயர். 1867-ல் திறந்தது. சரிவான கூரையும் அலங்கார வேலைப்பாடுமாக, ஏதோ குட்டி ஜமீன் பங்களா மாதிரி இருக்கிறது. காரணம், தாமஸ் கிரிஸ்ஸல் என்கிற நிலச்சுவான்தார். 'என் எஸ்டேட் வழியாக ரயில் விடணுமா? தாராளமா விடுங்க. ஆனா ஸ்டேஷன் அழகா இருக்கணும். அது மட்டுமில்லை, இந்த வழியா போற எந்த ரயிலையும் நான் நிறுத்தச் சொன்னா நிறுத்தணும்' என்று கண்டிஷன் போட்டு வாங்கியிருக்கிறார். கையைக் காட்டினால் நிற்பதற்கு டவுன் பஸ்ஸா என்று அந்தக் காலத்து ரயில்வேக்காரர்கள் நொந்திருப்பார்கள்.

*

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து பெரிய ரோடைக் கடந்தால், ஒரு மரக் கம்பத்தில் பலகை: 'பப்ளிக் ஃபுட்பாத்'. பொது நடைப்பாதை. பார்ப்பதற்குச் சாதாரணப் பலகை. ஆனால் அதற்குப் பின்னால் நிற்கிற சட்டம் அசாதாரணமானது.

இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து இப்படிப்பட்ட பொதுப் பாதைகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர் இருக்கின்றன. பூமியை அஞ்சு தடவை சுற்றி வந்தாலும் மிச்சம் இருக்கும். இதில் பெரும்பகுதி யாரோ ஒருவருடைய சொந்த நிலத்தின் வழியாகப் போகிறது. கோடீஸ்வரப் பிரபுவின் தோட்டமாக இருக்கட்டும், விவசாயியின் கோதுமை வயலாக இருக்கட்டும், பாதை என்று இருந்தால் நீங்களும் நானும் நடக்கலாம். 'யாருய்யா அது?' என்று கேட்க அவருக்கு உரிமை கிடையாது. உழுதால்கூட, முதல் தடவை கலைத்த 14 நாளைக்குள் பாதையைச் சரிசெய்து கொடுக்க வேண்டும்.

இதில் காளை மாடு பற்றிக்கூட ஒரு சட்டம் இருக்கிறது. 1981-ல் போட்டது. பால் இனத்துக் காளை, வயது பத்து மாதத்துக்கு மேல் என்றால், பொதுப் பாதை போகிற வயலில் அவிழ்த்து விடக்கூடாது. மற்ற இனத்துக் காளை என்றால் விடலாம், ஆனால் கூடவே பசுக்கள் இருக்க வேண்டும். பசுக்கள் பக்கத்தில் இருந்தால் காளையின் கவனம் நம்மேல் திரும்பாது என்பது நம்பிக்கை. சட்டம் இயற்றியவர் காலேஜ் வாழ்க்கையை நன்றாக அனுபவித்தவராக இருக்க வேண்டும்!

பாதை எப்படிப் பொதுப் பாதையாகிறது என்பது இன்னும் சுவாரஸ்யம். ஒரு வழியில் ஜனங்கள் 20 வருஷம் தொடர்ந்து நடந்திருந்தால், பொதுவாக அது அவர்கள் உரிமையாகிவிடும். அதற்கு மூன்று நிபந்தனைகள். பலாத்காரமாக நடந்திருக்கக் கூடாது. ஒளிந்து மறைந்து நடந்திருக்கக் கூடாது. அனுமதி கேட்டும் நடந்திருக்கக் கூடாது! ஆமாம் சார், அனுமதி கேட்டால் கேஸ் போச்சு. 'இது என் வழி' என்கிற தோரணையில் நடந்திருக்க வேண்டும். நிலத்துக்காரர் விவரமானவராக இருந்தால் 'இதைப் பொதுப் பாதையாக விடவில்லை' என்று போர்டு மாட்டித் தப்பித்துக்கொள்வார்.

"எங்க ஆபீஸ்ல லீவ் கேக்கறதுக்கும் இந்த மாதிரி ஒரு சட்டம் இருந்தா நல்லா இருக்கும் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. அன்றைக்கு அவர் அடித்த முதல் ஜோக். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும் என்கிறாள் என் தங்கை. பெண்களுக்கு இதெல்லாம் எப்படித்தான் தெரிகிறதோ!

*

மலைக்கும் நமக்கும் நடுவில் ஒரு ஆறு. பெயர் மோல். பாலம் ஒன்று உண்டு. அது இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த நடைப் பிரியர்களின் நினைவாகக் கட்டியது. ஆனால் ஜனங்கள் ஆசையாகக் கடப்பது ஆற்றுக்குள் வரிசையாக நட்டிருக்கும் 17 அறுகோணக் கற்கள் மேலேறி. ஒவ்வொன்றும் ஒரு ஆள் நிற்கிற அளவு. நடுவில் தண்ணீர் சலசலவென்று ஓடுகிறது. எதிரில் ஒரு பாட்டியம்மா நாயோடு வந்துவிட்டால் யார் ஒதுங்குவது என்பது சட்டத்தில் இல்லை. நாய்தான் முடிவு செய்கிறது.

போரின்போது ஜெர்மன்காரன் வந்து இறங்கினால் இந்த வழியாகக் கடந்துவிடுவானே என்று கற்களைப் பெயர்த்துவிட்டார்கள். போர் முடிந்ததும் அப்போதைய உள்துறை மந்திரி சூட்டர் ஈட் புதிதாகப் போட்டுக் கொடுக்க, 1946-ல் பிரதமர் அட்லியே வந்து திறந்து வைத்தார். யோசித்துப் பாருங்கள். நாடு கடனில் மூழ்கியிருக்கிறது, ரேஷனில் ரொட்டி. அந்தச் சமயத்தில் ஒரு பிரதமர், ஆற்றைத் தாண்டுகிற 17 கல்லைத் திறந்து வைக்க நேரம் ஒதுக்கியிருக்கிறார்! நடப்பது அந்த ஊரில் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

மழை பெய்து ஆறு ஏறினால் கற்கள் முழுகிவிடும். அப்போது பேசாமல் பாலத்தில் போவது உத்தமம்.

*

அக்கரையில் ஆரம்பிக்கிறது நிஜமான விஷயம். படிகள். மண்ணில் மரக்கட்டை பதித்த படிகள். மொத்தம் 275.

முதல் அம்பது ஜாலி. இருபுறமும் பீச் மரங்கள். அக்டோபரில் இலையெல்லாம் செம்புப் பாத்திரம் துலக்கி வைத்த மாதிரி ஜொலிக்கின்றன. நடுநடுவே யூ மரங்கள். கருகருவென்று வயசான மரங்கள். அதன் சிவப்புப் பழத்தைப் பார்த்தால் வாயில் போட்டுக்கொள்ளலாம் போலிருக்கும். போடக்கூடாது. உள்ளே இருக்கும் கொட்டை விஷம். காலடியில் வெள்ளை வெளேரென்று மண். சாக்பீஸ் தெரியுமில்லையா, அதே சுண்ணாம்புப் பாறைதான் இந்த மலை முழுக்க. ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்த நுண்ணிய உயிர்களின் கூடு படிந்து படிந்து உண்டானது. இதே மலைத்தொடர் கிழக்கே போய் டோவரில் வெள்ளைப் பாறையாகக் கடலைத் தொடுகிறது. நாங்கள் ஏறிக்கொண்டிருந்த இந்தத் துண்டு, ஃபார்ன்ஹாமிலிருந்து டோவர் வரை 246 கிலோமீட்டர் போகிற நார்த் டவுன்ஸ் வே என்கிற நெடும்பாதையின் ஒரு பகுதி. கம்பங்களில் ஒரு ஓக் கொட்டை படம் போட்டிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டே போனால் வழி தவறாது.

நூறாவது படியில் பேச்சு நின்றது. நூற்றைம்பதில் என் இதயம் காதுக்கு வந்து ரிப்போர்ட் கொடுத்தது. எதிரே இறங்கி வந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், எழுபது வயசிருக்கும், 'லவ்லி மார்னிங்!' என்றார். இது ஒரு ஆச்சரியம். லண்டன் ரயிலில் பக்கத்து சீட்காரர் மேலே கூரை விழுந்தால்கூட யாரும் பேச மாட்டார்கள். அதே ஆசாமிகள் காட்டுப் பாதையில் ஒருத்தர் விடாமல் குட் மார்னிங் சொல்கிறார்கள். டையைக் கழற்றினால் தொண்டை திறந்துகொள்ளும் போல.

மாப்பிள்ளை எனக்காக நின்றார். பக்கத்தில் உட்கார்ந்தார். மலையடிவாரத்தில் ஆறு வெள்ளிக் கம்பி மாதிரி தெரிந்தது. என்னைப் பார்க்காமல், அந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மச்சான், எங்க ஆபீஸ்ல ஆள் குறைக்கறாங்க. எங்க பிரிவுல மூணு பேர் செய்யற வேலைக்கு ரெண்டு பேர் போதுமாம்."

"யார் சொன்னது?"

"கணக்குப் போட்டுப் பார்த்திருக்காங்க. அந்தக் கணக்கைப் போட்டுக் குடுத்ததே நான்தான்."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவரே சிரித்துவிட்டார்.

"உங்க தங்கச்சிகிட்ட இன்னும் சொல்லலை. வீட்ல உக்காந்து மூஞ்சியைப் பார்த்துகிட்டு சொல்ல வரமாட்டேங்குது. மூணு வாரமா சனிக்கிழமை சனிக்கிழமை இங்க வந்து ஏறி இறங்கறேன்."

நடையின் பலன் என்று டாக்டர்கள் சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் என்று பட்டியல் போடுவார்கள். இந்த ஒரு பலனைப் பட்டியலில் விட்டுவிடுகிறார்கள். எதிரெதிரே உட்கார்ந்தால் ஆம்பளைகளுக்கு வாய் வராது. பக்கத்தில் பக்கத்தில் நடந்தால், கண்கள் வேறு எங்கோ இருக்க, வார்த்தை தானாக வந்துவிடுகிறது. மிச்சமிருந்த படிகளில் அவர் வீட்டுக் கடன், குழந்தையின் ஸ்கூல், ஊரில் அம்மாவுக்கு அனுப்பும் பணம் எல்லாவற்றையும் பேசிக்கொண்டே ஏறினார். மேலே வந்து சேர்ந்தபோதுதான் படி முடிந்ததே எனக்குத் தெரிந்தது.

*

உச்சியில் கல்லால் கட்டிய ஒரு காட்சி மேடை. சாலமன்ஸ் நினைவு மேடை என்று பெயர். கீழே டார்க்கிங் என்கிற ஊர், அதற்கப்பால் வயல்கள், தூரத்தில் நீலமாக மலைகள்.

இந்த சாலமன்ஸ் யார்? 1914-ல் இந்த மலை விற்பனைக்கு வந்தது. யாராவது வாங்கி பங்களா கட்டிவிடுவார்கள் என்று ஜனங்களுக்குப் பயம். லியோபோல்ட் சாலமன்ஸ் என்கிற பணக்காரர் 230 ஏக்கரை 16,000 பவுண்டுக்கு வாங்கினார். வாங்கி, ரியல் எஸ்டேட் போர்டு மாட்டவில்லை, நாட்டுக்கே கொடுத்துவிட்டார். இன்றைக்கு அதைப் பராமரிப்பது நேஷனல் டிரஸ்ட். 1895-ல் ஆரம்பித்த தர்ம ஸ்தாபனம். மலைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கார் நிறுத்தத்தான் காசு. கால்நடையாக வந்தவனுக்கு எல்லாம் ஓசி!

மேடைக்குப் பக்கத்துப் புல்வெளியில் டிபனைப் பிரித்தோம். இங்கே சாப்பிடுவதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' நாவலில், 1815-ல் வெளிவந்தது, ஒரு கோஷ்டி பாக்ஸ் ஹில்லுக்குத்தான் பிக்னிக் வரும். புறா இறைச்சி பை, ஆறின ஆட்டுக்கறி என்று மெனு வேறு. அங்கே வைத்துத்தான் பணக்காரக் கதாநாயகி ஒரு ஏழைப் பெண்மணியை எல்லார் முன்னாலும் மட்டம் தட்டிவிட்டு, அப்புறம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். எங்கள் பிக்னிக்கில் அந்த மாதிரி அசம்பாவிதம் எதுவுமில்லை. எலுமிச்சம்பழ சாதத்தின் வாசனைக்கு நாலு நாய்கள் மட்டும் ஆஜர்.

*

அங்கிருந்து பாதை காட்டுக்குள் திரும்புகிறது. சட்டென்று ஒரு நாற்றம். பூனை வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான நாற்றம். "பூனை இல்லே மச்சான், மரம்" என்றார் மாப்பிள்ளை. அதுதான் பாக்ஸ் மரம். இந்த மரத்தால்தான் மலைக்கே அந்தப் பெயர். பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தம் தேடி நான் கீழே வரும்போதே மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் கூட வளர்கிற, குட்டிக்குட்டி இலை மரம். ஆனால் கட்டை அவ்வளவு கெட்டி. தண்ணீரில் போட்டால் முழுகிவிடும். போட்டோவை அச்சடிக்கிற வித்தை வருவதற்கு முந்தைய காலத்தில், பத்திரிகைகளில் படம் போட இந்த மரத் துண்டில்தான் செதுக்கி அச்சடித்தார்கள். பத்திரிகையில் எழுதிப் பிழைக்கிறவன் என்கிற முறையில், நாற்றத்தை மன்னித்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தேன்.

மரங்களுக்கு நடுவே 1890-களில் கட்டிய ஒரு கோட்டை. லண்டனைப் பாதுகாக்கக் கட்டிய பதிமூன்றில் ஒன்று. எந்த எதிரியும் வரவில்லை. இப்போது உள்ளே வௌவால்கள் பாதுகாப்பாக இருக்கின்றன.

இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் ஒரு கல். மேஜர் பீட்டர் லாபெலியர் என்பவர் 1800-ல் இங்கே புதைக்கப்பட்டார் என்று சொல்கிறது. எப்படி? தலைகீழாக! தலை கீழே, கால் மேலே. செங்குத்தாக. அவரே கேட்டுக்கொண்டபடி. 'உலகமே தலைகீழாகத்தான் இருக்கிறது. கடைசி நாளில் அதைத் திருப்பிப் போடும்போது நான் ஒருத்தன்தான் நேராக நிற்பேன்' என்பது அவர் லாஜிக் என்று சொல்கிறார்கள். ஆயிரக்கணக்கான பேர் கூடி வேடிக்கை பார்த்தார்களாம்.

மாப்பிள்ளை அந்தக் கல் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"ரெண்டு பேர் போதும்னு கணக்குப் போட்டுக் குடுத்தவனையே மூணாவது ஆளாக்கிட்டாங்க. மேஜர் சொல்றது கரெக்ட்தான் மச்சான்" என்றார்.

*

இறக்கம் பர்ஃபோர்ட் முகடு வழியாக. திறந்த புல்வெளிச் சரிவு. ஏறும்போது நுரையீரலுக்கு வேலை, இறங்கும்போது முழங்காலுக்கு. சுண்ணாம்பு மண் ஈரமானால் சோப்பு. குதிகாலை அழுத்தி, பக்கவாட்டில் இறங்க வேண்டும். வளைந்து வளைந்து மலையேறும் தார் ரோடு ஒன்றும் தெரிகிறது. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் ஆண்கள் சைக்கிள் பந்தயத்தில் இந்த மலையை ஒன்பது தடவை சுற்றினார்கள். சத்தியமாக ஒன்பது தடவை! நமக்கு ஒரு தடவைக்கே எலுமிச்சம்பழ சாதம் தேவைப்படுகிறது. சனி, ஞாயிறில் அந்த ரோட்டில் கலர் கலராக பனியன் போட்ட சைக்கிள்காரர்கள் இன்றைக்கும் அந்த வேண்டுதலை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

கீழே ஒரு பழைய ஹோட்டல். கவிஞர் கீட்ஸ் 1817-ல் இங்கே தங்கித்தான் 'எண்டிமியன்' காவியத்தை எழுதி முடித்தார். அப்போது அவருக்கு வயசு 22. நாம் அந்த வயசில் அரியர்ஸ் பேப்பர் எழுதி முடித்தோம். பத்தே நிமிஷ நடையில் பழைய ஸ்டேஷன். வட்டம் பூர்த்தி. டாலி!

மொத்தமே ஆறு கிலோமீட்டருக்குள்தான். டீ, டிபன், கல் பார்த்தது எல்லாம் சேர்த்து மூணரை மணி நேரம்.

அன்று ராத்திரி மாப்பிள்ளை என் தங்கையிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "எனக்கு ரெண்டு வாரமா தெரியும். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு யாராவது பூனை மாதிரி டீ போடுவாங்களா? நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். அப்புறம் வேலை போனது நிஜம். நாலு மாசம் கஷ்டப்பட்டதும் நிஜம். இப்போது வேறு கம்பெனி; சம்பளம் கொஞ்சம் கம்மி; சனிக்கிழமை நடையில் மாற்றமில்லை. தங்கையும் கூடப் போகிறாள். அவர் அனுமதி வாங்கித்தான் இதை எழுதுகிறேன்.

*

இவ்வளவு நிம்மதியான ஒரு விஷயம் அந்த ஊர் ஜனங்களுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. ஜெயிலுக்குப் போய் வாங்கியது.

1932, ஏப்ரல் 24. மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிகள் சுமார் 400 பேர், கிண்டர் ஸ்கௌட் என்கிற மலைமேல் அத்துமீறி ஏறினார்கள். வாரம் முழுக்க ஃபாக்டரிப் புகை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று சுவாசிக்கலாம் என்றால், மலை பிரபுக்களுக்குச் சொந்தம். பிரபுக்கள் பறவை வேட்டையாட வைத்திருந்தார்கள். முன்னால் நின்று நடத்தியவர் பென்னி ராத்மன், வயது 20. காவலாட்களோடு தள்ளுமுள்ளு. அஞ்சு பேருக்கு ரெண்டு மாசத்திலிருந்து ஆறு மாசம் வரை ஜெயில். குற்றம்? நடக்கப் போனதில் வந்த கலாட்டா!

அந்தக் கோபம் வீண் போகவில்லை. 1949-ல் சட்டம் வந்தது; பொதுப் பாதைகளையெல்லாம் வரைபடத்தில் ஏற்ற வேண்டும் என்று ஆனது. 2000-ல் இன்னொரு சட்டம் வந்து, மலை, மேட்டுநிலம், புல்வெளிகளில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்றது. 2002-ல், அத்துமீறலின் எழுபதாம் ஆண்டு விழாவுக்கு அந்த மலைக்குச் சொந்தக்காரராக இருந்த பிரபுவின் பேரன், டெவன்ஷையர் கோமகன், நேரில் வந்து தாத்தா செய்தது தப்பு என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

கதை இன்னும் முடியவில்லை. அந்த 2000-ம் வருஷச் சட்டத்திலேயே ஒரு கெடு இருந்தது: வரைபடத்தில் ஏறாமல் விட்டுப்போன பழைய பாதைகளை 2026-க்குள் பதிவு செய்யாவிட்டால் உரிமை போய்விடும். நடைப் பிரியர்கள் சங்கம் தொண்டர்களைத் திரட்டி, பழைய மேப்பையும் புது மேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேடியது. 2020-ல் கணக்கு வந்தது: விட்டுப்போனவை 49,000 மைலுக்கு மேல்! அப்புறம் கெடுவை 2031-க்குத் தள்ளினார்கள். 2024 கடைசியில், கெடுவையே ரத்து செய்யப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. ஆபீஸ் முடிந்து வந்து, ராத்திரி விளக்கில் மேப்பைக் குடைந்த குமாஸ்தாக்களுக்கு அதில் பங்கு உண்டு.

*

அந்தப் பக்கம் வேலையாகவோ படிக்கவோ போகிற தம்பிகளுக்குச் சில டிப்ஸ். லண்டன் வாட்டர்லூவிலிருந்து நேர் ரயில் உண்டு. கெட்டியான அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்கள். வெயில் அடித்தாலும் மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் வானத்துக்கு வாக்குச் சுத்தம் கிடையாது. மஞ்சள் அம்பு என்றால் நடப்பவர்களுக்கான பாதை. நீல அம்பு என்றால் குதிரையும் சைக்கிளும் கூட வரும், காதைத் தீட்டி வைத்துக்கொள்ளவும். வழியில் எந்தக் கதவைத் திறந்தாலும் இருந்த மாதிரியே மூடிவிட்டுப் போங்கள். உள்ளே மாடு இருக்கும். 'கிஸ்ஸிங் கேட்' என்று ஒன்று வரும். ரொம்ப ஆசைப்பட வேண்டாம். கதவு இரண்டு பக்கமும் லேசாகத் தொட்டு நிற்பதால் அந்தப் பெயர். மனுஷன் நுழையலாம், மாடு நுழைய முடியாது, அவ்வளவுதான். அக்டோபர் கடைசிக்குப் பிறகு நாலரை, அஞ்சுக்கெல்லாம் இருட்டிவிடும். காலையிலேயே கிளம்புங்கள்.

கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள். முக்கியமாக, வீட்டில் கொஞ்ச நாளாகப் பேச்சைக் குறைத்துக்கொண்ட ஆளாகப் பார்த்து.

பிரபுவுக்கு நிலப் பத்திரம் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. நடப்பவனுக்குப் பத்திரம், ஷூவில் ஒட்டியிருக்கிற சேறுதான். 20 வருஷம் ஒட்ட வேண்டும், அவ்வளவே!